புது டிஸ்க் மாட்டினேன், பழையதைக் காணோம்!

இந்த முறை எடுத்துக்கொண்ட கேள்விகள் எல்லாம் ஒரே ரகம். கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை என்று ஒரு டிஸ்க் வாங்கி மாட்டுகிறார்கள். மாட்டிய பிறகு புதியது தெரிவதில்லை, இல்லையென்றால் ஏற்கெனவே இருந்தது காணாமல் போகிறது.

பதில்களுக்குப் போகுமுன் ஒரு வேண்டுகோள். "டிஸ்க் தெரியவில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். எங்கே தெரியவில்லை என்று எழுதுங்கள். பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று. ஆன் செய்ததும் டெல் அல்லது எஃப்2 விசையைத் தட்டினால் வரும் பயாஸ் (விண்டோஸுக்கு முன்னால் ஓடும் மதர்போர்டின் அடிப்படை நிரல்) முதலாவது. விண்டோஸ் பொத்தானில் வலது கிளிக் செய்தால் கிடைக்கும் டிஸ்க் மேனேஜ்மென்ட் இரண்டாவது. நாம் தினமும் திறக்கும் 'திஸ் பிசி' மூன்றாவது. பயாஸிலேயே இல்லையென்றால் கேபிள், கரண்ட், ஸ்லாட் ஆகியவற்றில்தான் கோளாறு. விண்டோஸைக் குறை சொல்லிப் பயனில்லை. பயாஸில் தெரிகிறது, டிஸ்க் மேனேஜ்மென்டில் இல்லை என்றால் டிரைவரை, அதாவது டிஸ்க்கோடு பேச விண்டோஸுக்கு உதவும் மென்பொருளைச் சந்தேகிக்கலாம். டிஸ்க் மேனேஜ்மென்டில் தெரிகிறது, திஸ் பிசியில் மட்டும் இல்லை என்றால் பெரும்பாலும் டிரைவ் எழுத்தோ (சி, டி போன்றவை) பார்ட்டிஷனோதான் (டிஸ்க்கைப் பிரித்த பகுதி) காரணம். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் ஆகும். அதற்குள் "ஃபார்மட் செய்யட்டுமா?" என்று விண்டோஸ் கேட்டால் கேன்சல் கொடுங்கள். எத்தனை முறை கேட்டாலும் கேன்சல்தான்.

கல்யாண வீடியோக்கள் வைத்திருந்த இரண்டு ஹார்டு டிஸ்க்கும் ஒரே நாளில் போய்விட்டன. சி டிரைவாக ஒரு சாட்டா (கேபிள் வழியாக டிஸ்க்கை இணைக்கும் வகை) எஸ்எஸ்டி, அதுபோக மூன்று ஹார்டு டிஸ்க் இருந்த கம்ப்யூட்டர். எடிட்டிங் வேகமாக இருக்கட்டும் என்று 1 டிபி என்விஎம்இ (வேகமான வகை எஸ்எஸ்டி) ஒன்றை மதர்போர்டின் இரண்டாவது எம்.2 ஸ்லாட்டில் (கேபிள் இல்லாமல் நேராகச் செருகும் இடம்) மாட்டினோம். புதியது நன்றாக ஓடுகிறது. ஆனால் பழைய இரண்டு டிஸ்க் பயாஸிலும் இல்லை. சர்வீஸ் கடையில் "டேட்டா ரெக்கவரிக்கு அனுப்ப வேண்டும்" என்கிறார்கள். அனுப்பலாமா?
— ஸ்டூடியோ உரிமையாளர், மார்த்தாண்டம்

அனுப்பாதீர்கள். இரண்டு டிஸ்க் ஒரே நாளில், அதுவும் புதிதாக ஒன்றை மாட்டிய அதே நாளில் சாவது அபூர்வம். உங்கள் டிஸ்க்குகள் உயிரோடுதான் இருக்கின்றன. அவை செருகியிருக்கும் போர்ட்டுகளைத்தான் மதர்போர்டு அணைத்துவிட்டது.

மதர்போர்டின் சிப்செட்டிலிருந்து (போர்ட்டுகளையும் ஸ்லாட்டுகளையும் நிர்வகிக்கும் சிப்) வெளியே வரும் தடங்கள் எண்ணிக்கையில் குறைவு. எல்லா எம்.2 ஸ்லாட்டுக்கும் எல்லா சாட்டா போர்ட்டுக்கும் தனித்தனியாகத் தடம் கொடுக்க முடியாமல், தயாரிப்பாளர்கள் ஒரே தடத்தை இரண்டு இடத்துக்குப் பங்கு வைக்கிறார்கள். பல போர்டுகளில் இரண்டாவது எம்.2 ஸ்லாட்டும் சாட்டா 5, 6 போர்ட்டுகளும் இப்படிப் பங்காளிகள். எம்.2-வில் ஆள் ஏறியதும் அந்த இரண்டு போர்ட்டும் அணைந்துவிடும். எச்சரிக்கை எதுவும் வராது. டிஸ்க் சுற்றும், கையை வைத்தால் அதிர்வுகூடத் தெரியும். பயாஸில் மட்டும் பெயர் இருக்காது.

சோதிப்பது எளிது. கம்ப்யூட்டரை அணைத்து, பவர் கார்டைச் சுவரிலிருந்து உருவி, பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து மிச்சக் கரண்டை இறக்குங்கள். கேபினட்டின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டுவிட்டு, என்விஎம்இ-யின் ஒற்றை ஸ்க்ரூவைக் கழற்றி அதை வெளியே எடுங்கள். இப்போது ஆன் செய்தால் பழைய இரண்டும் திரும்பி வந்திருக்க வேண்டும். வந்துவிட்டால் ரெக்கவரி பேச்சு அதோடு முடிந்தது.

அடுத்து போர்டின் மேனுவல். மாடல் பெயர் போர்டின் மேலேயே, பெரும்பாலும் பிராசஸருக்கும் கார்டு ஸ்லாட்டுகளுக்கும் நடுவில் அச்சிட்டிருக்கும். கேபினட்டைத் திறக்க விருப்பமில்லாதவர்கள் விண்டோஸில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று தேடித் திறந்து, 'பேஸ்போர்டு பிராடக்ட்' என்ற வரியைப் பார்க்கலாம். அந்தப் பெயருக்கான மேனுவலை இறக்கி, எம்.2 பற்றிய பக்கத்தில் இருக்கும் சிறு அட்டவணையை நிதானமாகப் படியுங்கள். எந்த வகை எம்.2 போட்டால் எந்த சாட்டா எண் அணையும் என்று அதில் இருக்கும். இதைப் பொதுவிதியாக யாரும் சொல்லிவிட முடியாது. சில போர்டுகளில் சாட்டா வகை எம்.2 போட்டால் ஒரு போர்ட் போகும், என்விஎம்இ போட்டால் எதுவும் போகாது. வேறு சிலவற்றில் அப்படியே தலைகீழ்.

இனி தீர்வு. பிராசஸரை ஒட்டியிருக்கும் முதல் எம்.2 ஸ்லாட் காலியாக இருந்தால் புதியதை அங்கே மாற்றுங்கள். இன்றைய போர்டுகளில் பலவற்றில் அது நேராகப் பிராசஸரோடு பேசுகிறது, சாட்டாவோடு பங்கு கிடையாது. ஆனால் 10-ஆம் தலைமுறை வரையிலான இன்டெல் மேசைக் கணினிகளில் இதை நம்ப முடியாது, மேனுவல்தான் பேச வேண்டும். அது முடியாவிட்டால் ஹார்டு டிஸ்க்குகளை 1 முதல் 4 வரையிலான போர்ட்டுகளுக்கு மாற்றுங்கள். எண் போர்ட்டின் பக்கத்திலேயே பொடி எழுத்தில் இருக்கும். போர்ட் மாறினால் டிரைவ் எழுத்து மாறிவிடுமோ என்ற பயம் வேண்டாம். விண்டோஸ் டிஸ்க்கை அதன் மேல் எழுதியிருக்கும் அடையாள எண்ணை வைத்துத்தான் நினைவு வைத்திருக்கிறது, எந்த ஓட்டையில் செருகியிருக்கிறது என்பதை வைத்து அல்ல.

நான்கு போர்ட்டும் நிறைந்துவிட்டதென்றால் சிறிய பிசிஐஇ சாட்டா கார்டு ஒன்று போதும். பிசிஐஇ 3.0-இன் ஒரு தடத்தில் விநாடிக்கு ஏறக்குறைய 985 எம்பி போகும். ஒரு ஹார்டு டிஸ்க் 300 எம்பியைத் தொடுவதே அரிது. ஆக இரண்டு டிஸ்க்குக்கு அந்தக் கார்டு தாராளம். சி டிரைவை மட்டும் அந்தக் கார்டில் மாட்டாதீர்கள், அது போர்டிலேயே இருக்கட்டும்.

என்விஎம்இ-யைத் திரும்ப மாட்டும்போது கவனிக்க இரண்டு சங்கதி. 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். அந்த 80-க்கு நேராக இருக்கும் துளையில்தான் பித்தளைத் தாங்கி இருக்க வேண்டும். அது 60-இன் துளையில் மிச்சமாக நின்றுகொண்டிருந்தால், மாட்டியதும் எஸ்எஸ்டியின் அடிவயிற்றில் முட்டும். சாய்வாகச் செருகி, தங்க நிறப் பற்கள் கண்ணுக்கு மறையும்வரை தள்ளிய பிறகே படுக்க வைத்து ஸ்க்ரூ போடுங்கள். இன்னொன்று, போர்டோடு வந்த அலுமினிய மூடி. அதன் உள்பக்கம் வெப்பத்தைக் கடத்தும் பட்டையின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். அதை உரிக்காமலே மூடியவர்கள் ஏராளம். பெரிய வீடியோ ஃபைலைக் காப்பி செய்யும்போது எஸ்எஸ்டி சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிறகு "என்விஎம்இ வாங்கியும் பிரயோஜனமில்லை" என்ற கடிதம் வரும்.

எம்.2 ஸ்லாட்டில் சரியாகப் பொருந்துகிறது, ஆனால் பயாஸில் வரவே இல்லை. டிஸ்க் பழுதா?
— கல்லூரி மாணவர், நாகர்கோவில்

பொருந்துவதும் பேசுவதும் வேறு வேறு. எம்.2 என்பது உருவத்தின் பெயர்தான். உள்ளே ஓடும் மொழி சாட்டாவாகவும் இருக்கலாம், என்விஎம்இ-யாகவும் இருக்கலாம். பல் வரிசையில் ஒரே ஒரு வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ. இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஆனால் இரண்டு வெட்டுள்ள என்விஎம்இ-யும் சந்தையில் உண்டு. எனவே வெட்டை எண்ணுவதோடு நிறுத்தாமல் மேலே ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். என்விஎம்இ மட்டும் பேசும் ஸ்லாட்டில் சாட்டா எம்.2 அழகாக உட்காரும், ஆனால் வாயைத் திறக்காது. கடையில் மாற்றித் தருவார்களா என்று பில் கையில் இருக்கும்போதே கேளுங்கள்.

ரப்பர் ஷீட் வியாபாரம். புதிதாக எஸ்எஸ்டி போட்டு அதில் விண்டோஸ் ஏற்றினார்கள். பழைய டிஸ்க்கும் உள்ளேயே இருக்கிறது. ஆனால் டேலியைத் திறந்தால் கம்பெனியே இல்லை என்கிறது. ஐந்து வருடக் கணக்கு. டி டிரைவில் இருந்தது, இப்போது டி-யில் பழைய விண்டோஸ் ஃபைல்கள் கிடக்கின்றன.
— வாசகர், குலசேகரம்

கணக்கு பத்திரமாக இருக்கிறது, வீட்டு நம்பர்தான் மாறியிருக்கிறது. புது விண்டோஸுக்குப் பழைய நினைவு எதுவும் இல்லை. தன்னை சி என்று வைத்துக்கொண்டு, கண்ணில் பட்ட வரிசையில் மற்றவற்றுக்கு எழுத்துக் கொடுத்துவிட்டது. உங்கள் பழைய சி இப்போது டி, பழைய டி இப்போது இ. டேலியில் டேட்டா பாத் டி என்று கொடுத்திருந்தால் அது அங்கேயே போய்த் தேடும்.

டேலியை மூடுங்கள். முதல் காரியமாக இ டிரைவில் இருக்கும் டேலி டேட்டா ஃபோல்டரை முழுதாக ஒரு பென் டிரைவுக்குக் காப்பி எடுத்துவிடுங்கள். பிறகு டிஸ்க் மேனேஜ்மென்ட். டிவிடி டிரைவோ கார்டு ரீடரோ இருந்தால் அவற்றை இசட், ஒய் என்று கடைசி எழுத்துகளுக்குத் தள்ளுங்கள். அடுத்து, இப்போது டி என்று இருக்கும் பழைய விண்டோஸ் பார்ட்டிஷனில் வலது கிளிக் செய்து, 'சேஞ்ச் டிரைவ் லெட்டர்' போய் எம் என்று மாற்றுங்கள். டி காலியானது. கடைசியாக இ-யை டி ஆக்குங்கள். சில புரோகிராம்கள் ஓடாமல் போகலாம் என்று விண்டோஸ் எச்சரிக்கும். இங்கே அது பரவாயில்லை, 'எஸ்' கொடுங்கள். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் சி-யின் எழுத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது.

ரீஸ்டார்ட் செய்துவிட்டு டேலியைத் திறந்தால் கம்பெனி பழைய இடத்தில் இருக்கும். "புதுசாக ஒரு கம்பெனி கிரியேட் செய்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எந்தக் கணக்கு எந்தக் கம்பெனியில் என்று மார்ச் மாதம் ஆடிட்டர் முன்னால் முழிக்க வேண்டி வரும்.

புது எஸ்எஸ்டியில் விண்டோஸ் போட்டாயிற்று, வேகமாக இருக்கிறது. பழைய ஹார்டு டிஸ்க்கைத் தம்பிக்குக் கொடுக்கலாம் என்று கழற்றினால் கம்ப்யூட்டர் கிளம்ப மாட்டேன் என்கிறது. திரும்ப மாட்டினால் ஓடுகிறது.
— வாசகி, தக்கலை

விண்டோஸ் ஏற்றும்போது பழைய டிஸ்க்கையும் மாட்டியே வைத்திருந்திருக்கிறீர்கள். கம்ப்யூட்டரைக் கிளப்பும் ஃபைல்கள் விண்டோஸோடு இருப்பதில்லை; 'ஈஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்' என்ற 100 எம்பி சுமாரான ஒரு சின்ன அறையில் இருக்கும். பழைய டிஸ்க்கில் அப்படி ஒரு அறை ஏற்கெனவே இருந்தால் இன்ஸ்டாலர் புது அறை கட்டாமல் அதிலேயே போட்டுவிடும். வீடு புதிய டிஸ்க்கில், சாவி பழைய டிஸ்க்கில். டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து பாருங்கள். ஈஎஃப்ஐ என்ற சொல் எந்த டிஸ்க்கின் வரிசையில் இருக்கிறதோ அதில்தான் சாவி.

எஸ்எஸ்டியில் இன்னும் வேலை எதுவும் ஏறவில்லையென்றால் சுத்தமான வழி: பழைய டிஸ்க்கின் டேட்டா கேபிளையும் பவர் கேபிளையும் உருவிவிட்டு, எஸ்எஸ்டியில் இருக்கும் பார்ட்டிஷன்களை அழித்து, விண்டோஸை மறுபடி ஏற்றுவது. எல்லா சாஃப்ட்வேரும் ஏற்றி முடித்துவிட்டீர்கள் என்றால், எஸ்எஸ்டியின் சி-யிலிருந்து 300 எம்பி சுருக்கி, அந்த இடத்தில் ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் ஒன்றை ஃபேட்32-வில் உண்டாக்கி, 'பிசிடிபூட்' கட்டளையால் பூட் ஃபைல்களை அதில் எழுதலாம். எஸ்எஸ்டி ஜிபிடி என்ற புதிய பார்ட்டிஷன் முறையில் இருந்தால்தான் (பழைய முறை எம்பிஆர்) இது நடக்கும். கட்டளை வரியில் பழக்கமில்லாதவர்கள் இதைத் தாங்களே முயலாமல் தெரிந்த டெக்னீஷியனிடம் "பூட் பார்ட்டிஷனை எஸ்எஸ்டிக்கு மாற்ற வேண்டும்" என்று இதே வார்த்தையில் சொல்லுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற வேலை.

எப்போது விண்டோஸ் ஏற்றினாலும், ஏற்றப் போகும் டிஸ்க் ஒன்று மட்டும் உள்ளே இருக்கட்டும்.

குளோன் செய்த பிறகு ஒரு டிஸ்க் 'ஆஃப்லைன்' என்று காட்டுகிறது. வலது கிளிக்கில் ஆன்லைன் கொடுக்கலாமா?
— வாசகர், திங்கள்நகர்

அவசரப்படாதீர்கள். குளோன் என்றால் அடையாள எண்ணும் சேர்ந்து நகலாகிவிடும். ஒரே எண்ணோடு இரண்டு டிஸ்க் வந்து நின்றால் விண்டோஸ் ஒன்றை உள்ளே விட்டு மற்றதை வாசலில் நிறுத்தும். அதுதான் அந்த ஆஃப்லைன். ஆன்லைன் கொடுத்த நொடியில் அந்த டிஸ்க்கின் மேல் விண்டோஸ் புது எண் ஒன்றை எழுதிவிடும். அது நீங்கள் இனி பூட் செய்ய நினைத்த டிஸ்க்காக இருந்தால், அதன் பூட் ஃபைல்கள் பழைய எண்ணைத் தேடித் திணறும். கம்ப்யூட்டரை அணைத்து, பழைய டிஸ்க்கைக் கழற்றி, குளோன் ஆன எஸ்எஸ்டியை மட்டும் வைத்துக் கிளப்புங்கள். ஓரிரு நாள் ஓட்டி எல்லா ஃபைலும் இருக்கிறதா என்று பார்த்த பிறகு பழையதை மாட்டி, அதற்கு ஆன்லைன் கொடுங்கள்.

மீன் ஏற்றுமதி ஆபீஸ், கடலுக்குப் பக்கம். இரண்டு மாதம் முன்பு 4 டிபி ஹார்டு டிஸ்க் ஒன்று சேர்த்தோம். அதிலிருந்து கம்ப்யூட்டர் அடிக்கடி சில விநாடி உறைந்துவிடுகிறது. சில சமயம் புது டிஸ்க் மறைந்து தானாக வருகிறது, சில சமயம் பழைய டிஸ்க்கும். 'டக்' என்று ஒரு சத்தமும் கேட்கிறது. டிஸ்க்கை ஒருமுறை மாற்றியும் வாங்கிவிட்டோம், அதே கதை.
— வாசகர், குளச்சல்

டிஸ்க்கை மாற்றியும் அதே கதை என்று எழுதியதுதான் உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி. குற்றவாளி டிஸ்க் அல்ல. அதற்குப் போகும் கேபிள், கரண்ட், இரண்டும் சேரும் கனெக்டர் ஆகியவற்றில் ஒன்று.

முதலில் கேபிள். 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவசக் கருவியில் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, சி7 என்ற வரியைப் பாருங்கள். கம்பி வழியே வந்த தகவல் எத்தனை முறை சிதைந்து வந்தது என்ற கணக்கு அது. அந்த எண் ஒருபோதும் குறையாது, எனவே எண் இருப்பது பெரிதல்ல, ஏறுகிறதா என்பதே கேள்வி. எண்ணைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். 50 ஜிபி அளவுக்கு ஃபைல்களைக் காப்பி செய்து மறுபடி பாருங்கள். ஏறியிருந்தால் சாட்டா டேட்டா கேபிளை மாற்றுங்கள். இரும்பு கிளிப் வைத்தது நல்லது, நீளம் 50 சென்டிமீட்டர் போதும். மாற்றிய பிறகும் அதே 50 ஜிபி சோதனை. எண் நின்றுவிட்டால் வேலை முடிந்தது. சி7-க்குப் பதில் 05 அல்லது சி5 வரி ஏறிக்கொண்டிருந்தால் மட்டும் டிஸ்க்கின் பரப்பிலேயே கோளாறு. அப்போது முதல் வேலை பேக்கப்.

இரண்டாவது கரண்ட். மூன்றரை அங்குல ஹார்டு டிஸ்க் ஓடும்போது 6 முதல் 8 வாட்தான் தின்னும். ஆனால் நின்ற நிலையிலிருந்து சுற்றத் தொடங்கும் அந்தச் சில விநாடிகளில் 12 வோல்ட் தடத்தில் 2 ஆம்பியர் வரை, அதாவது 24 வாட் இழுக்கும். மூன்று நான்கு டிஸ்க் ஒன்றாகக் கிளம்பினால் கணக்குப் போட்டுப் பாருங்கள். விலை மலிந்த எஸ்எம்பிஎஸ்ஸின் (கேபினட்டுக்குள் எல்லாவற்றுக்கும் கரண்ட் தரும் பெட்டி) மேல் 450 என்று பெரிதாக எழுதியிருப்பதைப் பார்க்காதீர்கள். லேபிளில் 12 வோல்ட்டுக்கு எதிரே எத்தனை ஆம்பியர் என்று இருப்பதைப் பாருங்கள். உண்மை அங்கேதான் இருக்கும். கரண்ட் பற்றாமல் டிஸ்க்கின் ஊசி பாதியில் தன் இடத்துக்குத் திரும்பினாலும் நீங்கள் கேட்ட 'டக்' வரும்.

உங்கள் டிஸ்க்குகளுக்கு ஒரே பவர் கேபிளில் ஸ்ப்ளிட்டர் மேல் ஸ்ப்ளிட்டர் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் வேறொரு கேபிளுக்குப் புது டிஸ்க்கை மாற்றுங்கள். மோலக்ஸ் என்ற பழைய நான்கு முனை பவர் கனெக்டரிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் அடாப்டர் தேவைப்பட்டால், கம்பிகள் தனித்தனியாக நுழைவது கண்ணுக்குத் தெரியும் வகையை வாங்குங்கள். முழுக்க பிளாஸ்டிக்கில் வார்த்து மூடிய வகையில் உள்ளே கம்பிகள் ஒன்றையொன்று நெருங்கி, உருகிப் பற்றிக்கொள்வது உண்டு. கழற்றி மாட்டும் கேபிள் உள்ள எஸ்எம்பிஎஸ் என்றால் இன்னொரு எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளை அதில் செருகவே கூடாது. முனை பொருந்தும், ஆனால் 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 12 வோல்ட் வரலாம். ஒரே நொடியில் எல்லா டிஸ்க்கும் போய்விடும், அதை எந்த பயாஸும் திருப்பித் தராது.

மூன்றாவது உங்கள் ஊர்க் காற்று. தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமழையும் பெறுகிற மாவட்டம், அதிலும் கடற்கரை. உப்பு ஈரம் கனெக்டர் பற்களில் படிந்து வெளுப்பாகவோ பச்சையாகவோ பூக்கும். கேபிளைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். பூத்திருந்தால் அந்தக் கேபிளைத் தூக்கிப் போடுங்கள், சுத்தம் செய்து மீட்க வேண்டிய விலை அதற்கு இல்லை. டிஸ்க் பக்கத்துப் பற்களை மட்டும் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த காது பஞ்சால் ஒரே திசையில் துடைத்து, பத்து நிமிடம் உலரவிட்டுப் புதுக் கேபிளைச் செருகுங்கள். ராம், எம்.2 ஆகியவற்றின் தங்கப் பற்களுக்கும் இதே வைத்தியம்தான். பெட்ரோல், தின்னர், தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். கடைசியாகச் சொன்னதைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. கேபினட் கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேரே இருந்தால் இடம் மாற்றுங்கள். ஆபீஸ் பூட்டிக் கிடக்கும் மழை நாட்களிலும் தினம் சற்று நேரம் ஓடவிட்டால், உள்ளே வரும் சூட்டில் ஈரம் தங்காது.

4 டிபி வாங்கினேன், 2 டிபிதான் பயன்படுத்த முடிகிறது. மீதி 1678 ஜிபி கறுப்புப் பட்டையாக நிற்கிறது.
— வாசகர், கருங்கல்

முதலில் 'இனிஷியலைஸ்' செய்யும்போது எம்பிஆர் என்று தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். அந்தப் பழைய முறையால் 2048 ஜிபிக்கு மேல் எண்ண முடியாது. உங்கள் டிஸ்க் விண்டோஸின் கணக்கில் 3726 ஜிபி. கழித்தால் அந்த 1678 சரியாக வரும். டிஸ்க்கில் இருப்பதை வேறிடம் மாற்றி, பார்ட்டிஷன்களை நீக்கி, இடது ஓரத்தில் 'டிஸ்க் 1' என்று இருக்கும் சாம்பல் கட்டத்தில் வலது கிளிக் செய்து ஜிபிடிக்கு மாற்றுங்கள். 4000 ஏன் 3726 ஆனது என்றால், கம்பெனி ஆயிரம் ஆயிரமாகவும் விண்டோஸ் 1024 ஆகவும் எண்ணுகின்றன. யாரும் ஏமாற்றவில்லை.

வெளியே வைத்துப் பயன்படுத்திய யூஎஸ்பி ஹார்டு டிஸ்க்கின் பெட்டி உடைந்ததால், உள்ளே இருந்த மூன்றரை அங்குல டிஸ்க்கை எடுத்து கேபினட்டில் மாட்டினேன். சுற்றவே இல்லை.
— வாசகர், குழித்துறை

சாட்டா பவர் கனெக்டரில் 15 முனைகள். அதில் மூன்றாவது முனையில் முன்பு வெறும் 3.3 வோல்ட் வந்தது. டிஸ்க்குகள் அதைச் சட்டை செய்யவில்லை. புதிய விதிப்படி அந்த முனையில் வோல்ட் வந்தால் "அணைந்து இரு" என்று பொருள். உங்கள் பழைய எஸ்எம்பிஎஸ் பாட்டுக்கு அதில் 3.3 வோல்ட் அனுப்பிக்கொண்டிருக்கிறது, டிஸ்க்கும் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து தூங்குகிறது. மோலக்ஸ் அடாப்டர் வழியாகக் கரண்ட் கொடுங்கள், அதில் 3.3 வோல்ட் கம்பியே இல்லை. அல்லது டிஸ்க்கின் பவர் பற்களில், டேட்டா கனெக்டரை ஒட்டிய பக்கத்திலிருந்து எண்ணி மூன்றாவது பல்லின் மேல் கேப்டன் டேப்பை மெல்லிசாக வெட்டி ஒட்டுங்கள். செல்போன் சர்வீஸ் கடைகளில் இருக்கும் பழுப்பு மஞ்சள் டேப் அது. சாதாரண செல்லோ டேப் சூட்டில் வழுக்கி விலகிவிடும்.

யூஎஸ்பி 3.0 வெளி டிஸ்க் செருகினால் ஒயர்லெஸ் மவுஸ் இழுத்து இழுத்துப் போகிறது. எடுத்தால் சரியாகிவிடுகிறது. வைரஸா?
— பூ வியாபாரி, தோவாளை

இல்லை, இரைச்சல். யூஎஸ்பி 3.0 கம்பியில் தகவல் ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் ரேடியோ இரைச்சல் கசிகிறது. மவுஸும் பல வைஃபைகளும் அதே அலைவரிசையில்தான் பேசுகின்றன. இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை விளக்கி அறிக்கை வெளியிட்டது. மவுஸின் குட்டி ரிசீவரை டிஸ்க்குக்குப் பக்கத்து ஓட்டையிலிருந்து எடுத்து லேப்டாப்பின் மறுபக்கம் செருகுங்கள். மேசைக் கணினி என்றால் ஒரு யூஎஸ்பி நீட்டிப்புக் கம்பியில் ரிசீவரை மவுஸுக்கு அருகே கொண்டுவாருங்கள். வைஃபையும் அறுபட்டால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள்.

லேப்டாப்பில் புது என்விஎம்இ போட்டு விண்டோஸ் ஏற்றப் போனால், இன்ஸ்டாலரில் டிஸ்க் பட்டியலே காலி. பயாஸில் டிஸ்க் பெயர் தெரிகிறது. நண்பர் சொன்னபடி பயாஸில் விஎம்டி என்பதை அணைத்தேன். இப்போது இன்னொரு டிஸ்க்கில் இருக்கும் பழைய விண்டோஸ் நீலத்திரை போடுகிறது.
— மாணவி, ஆரல்வாய்மொழி

இன்டெல்லின் 11-ஆம் தலைமுறையிலிருந்து பல லேப்டாப்புகளில் டிஸ்க்குகள் விஎம்டி என்ற கட்டுப்பாட்டின் பின்னால் நிற்கின்றன. அதற்கான டிரைவர் விண்டோஸ் இன்ஸ்டாலரோடு வராமல் இருக்கலாம். பழைய விண்டோஸ் விஎம்டி வழியாகவே டிஸ்க்கைப் பார்த்துப் பழகியது. நீங்கள் அந்த வழியை மூடியதும் அது தன் வீட்டையே தொலைத்துவிட்டது. பயாஸில் அதைத் திரும்ப ஆன் செய்யுங்கள், நீலத்திரை போய்விடும்.

பிறகு லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, சுருக்கிய ஃபைலை விரித்து, விரித்த ஃபோல்டரை விண்டோஸ் பென் டிரைவிலேயே போடுங்கள். விரிக்காமல் போட்டால் இன்ஸ்டாலருக்குத் தெரியாது. பலர் தடுக்குவது இங்கேதான். பட்டியல் காலியாக வரும் அதே திரையில் 'லோடு டிரைவர்' கொடுத்து அந்த ஃபோல்டரைக் காட்டினால் டிஸ்க் வந்துவிடும்.

பயாஸில் எதையும் மாற்றுமுன் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் அதைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்து, 48 இலக்க ரெக்கவரி எண்ணைத் தாளில் எழுதி வைக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கும் என்றாலும், கணக்கின் பாஸ்வேர்டு நினைவிருக்க வேண்டுமே.

அச்சகத்தில் ஒரு பழைய எக்ஸ்பி கம்ப்யூட்டர், பட்டைக் கேபிள் டிஸ்க். பழைய ஃபைல்களை எடுக்க இன்னொரு அதே மாதிரி டிஸ்க்கை மாட்டினால் இரண்டுமே தெரியவில்லை.
— வாசகர், வடசேரி

இரண்டுக்கும் ஜம்பர் 'மாஸ்டர்' நிலையில் இருக்கிறது. டிஸ்க்கின் பின்புறம், கேபிளுக்கும் பவருக்கும் நடுவில் இருக்கும் குட்டி பிளாஸ்டிக் தொப்பியைச் சாமணத்தால் உருவி, புதிதாக மாட்டியதற்கு 'ஸ்லேவ்' நிலையில் வையுங்கள். படம் டிஸ்க்கின் லேபிளிலேயே இருக்கும். 80 கம்பிப் பட்டை என்றால் நீல முனை மதர்போர்டுக்கு, கடைசிக் கறுப்பு முனை மாஸ்டருக்கு, நடுவில் இருக்கும் சாம்பல் முனை ஸ்லேவுக்கு. சில தயாரிப்புகளில் தனியாக இருக்கும்போது ஒரு நிலை, ஸ்லேவோடு இருக்கும்போது வேறு நிலை என்று மாஸ்டரிலேயே இரண்டு உண்டு. ஆகவே பழைய டிஸ்க்கின் லேபிளையும் ஒருமுறை பாருங்கள்.